கரவோலித் துறையில் கட்டிய கயிறு

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கரவோலித் துறையில் கண் திறந்திருக்கும் உயிர்கள் என்று பார்த்தால் பூனைகள், பல்லிகள், அதற்கப்புறம் நான். மற்றவர்கள் சன்னலைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவார்கள். அந்த நேரத்தில் வெளியே சத்தம் போட்டால் செத்தவர்கள் எழுந்து வந்துவிடுவார்கள் என்று எங்கள் ஊரில் பிள்ளைகளை அதட்டுவது வழக்கம். சிறுமியாக இருந்தபோதே நான் அதை நம்பவில்லை. தூங்கினால் யார் வருகிறார்கள், யாரோடு வருகிறார்கள் என்று பார்ப்பது யார்?

என் பெட்டிக்கடை துறைச்சுவரின் நடுவில் இருக்கிறது. சிகரெட், ஐஸ், தண்ணீர், தூண்டில் முள் எல்லாம் விலைக்கு. ஊர்ச் செய்தி மட்டும் இலவசம். கடைக்கு முன்னால் கனமான கித்தான் திரை. காலையில் அதைச் சுருட்டி மேலே ஏற்றி, கயிற்றைப் பக்கத்துக் கொக்கியில் நானே கட்டுவேன். அப்புறம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் துறை முழுக்க என் மடியில்.

இரண்டு பக்கமும் மலை செங்குத்தாக நிற்கிறது. வெளியிலிருந்து வருபவர்களுக்கு இங்கே துறை இருப்பதே தெரியாது. பாறையில் மோதப் போகிறோம் என்று நினைக்கிற நேரத்தில்தான் வழி திரும்பும். அப்போது பாய்மரக்காரர்களின் முகத்தில் வருகிற களையைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். அதற்கப்புறம் இன்னும் வேடிக்கை. நங்கூரத்தை நடுத்துறையில் போட்டுவிட்டு, பின்பக்கமாகவே சுவரை நோக்கி வந்து, கயிற்றை வீச வேண்டும். கரையில் ஒருவர் பிடித்து வளையத்தில் கட்ட வேண்டும். புருஷன் பெண்டாட்டியாக வருகிறவர்கள் இந்த வேலையின்போது பேசிக்கொள்வதைக் கேட்டால் எந்தக் கல்யாணம் எவ்வளவு ஆழத்தில் மிதக்கிறது என்று சொல்லிவிடலாம்.

அன்று கோடை முடிகிற சமயம். காற்று செத்துக் கிடந்தது. வானம் நீலமாக இல்லாமல், துவைத்துத் துவைத்து வெளிறிய துணிபோல் இருந்தது. காய்ந்த ஓமச்செடி வாசமும் டீசல் வாசமும் மலைகளுக்கு நடுவில் சிக்கி, போக வழியில்லாமல் நின்றன. அந்த நேரத்தில் ஒரு வெள்ளைப் பாய்மரப் படகு திரும்பி உள்ளே வந்தது. முன்பாய் கிழிந்து தொங்கியது. என்ஜின் இருமிக்கொண்டிருந்தது.

அதில் இரண்டு பேர். பிரேயஸ் பெருந்துறைமுகத்துப் பக்கத்து ஆட்கள், அறுபதைத் தாண்டியவர்கள். பேர் ஸ்தாத்திஸ், யூலியா என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். வீட்டை விற்றுவிட்டு அந்தப் படகில்தான் குடித்தனம் என்பதையும். அவர்கள் சண்டை போடாததே எனக்கு ஏமாற்றம். சண்டைக்குக்கூடத் தெம்பில்லாத முகங்கள். முந்தைய இரவு முழுக்கக் கடல் அவர்களைப் போட்டுப் புரட்டியிருக்கிறது.

நான் எழுந்து போய்க் கயிற்றைப் பிடித்திருக்கலாம். ஆனால் வெயிலில் என் கால்கள் என் பேச்சைக் கேட்பதில்லை. சுவரில் வேறு யாரும் இல்லை. கொஞ்சம் திண்டாடட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

யூலியா கயிற்றை வீசினாள்.

அது கல்லில் விழுந்த ஓசை கேட்கவில்லை.

என் ஐஸ் பெட்டி மறைத்ததால் வளையம் இருக்கும் இடம் என் கண்ணில் படவில்லை. கயிறு மட்டும் தெரிந்தது. தொய்ந்து கிடந்தது, இறுகியது, நின்றது. படகு அலையோடு தானாக நெருங்கியதும் மறுபடி இறுகியது. இழுப்பு, நிறுத்தம், இழுப்பு. தொழில் தெரிந்தவனின் கை அது. படகைப் பிடித்து இழுக்காது, அது வரும்வரை காத்திருக்கும். யாரடா இவன், இந்த ஊரில் என்னைப்போலத் தூங்காதவன் என்று எனக்கு லேசாகப் பொறாமைகூட வந்தது.

கொஞ்ச நேரத்தில் யூலியா தண்ணீர் வாங்க வந்தாள். கூடவே ஒரு பீரும் கேட்டாள், எங்கள் கயிற்றைப் பிடித்தாரே அவருக்கு என்று. இன்னொரு கயிற்றை ஸ்தாத்திஸ் தானே குதித்துக் கட்டிவிட்டுத் திரும்புவதற்குள் அந்த மனிதர் போய்விட்டாராம். எந்த மனிதர் என்று கேட்டேன். நீல பனியன், மடித்துவிட்ட கால்சட்டை, வெறுங்கால் என்றாள். அப்போதுதான் குளித்து எழுந்தவர் மாதிரி உடம்பெல்லாம் ஈரமாம். முகம் நினைவில்லை, ஆனால் வேறொன்று நினைவிருக்கிறது என்றாள்.

"நான் பதற்றத்துல கயிறைச் சிக்கலாக்கிட்டேன். அவர் கோவிச்சுக்கல. 'மெதுவாம்மா, எல்லாரும் வந்து சேர்ந்துடலாம்'னார். குரல்ல எவ்வளவு அசதி தெரியுமா? எங்களைவிட அவருக்குத்தான் தூக்கம் வேணும்னு தோணுச்சு."

பீர் பாட்டில் என் கையிலேயே இருந்தது.

அந்த வார்த்தைகள் எனக்குத் தெரியும். இந்தச் சுவரில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும்.

பந்தெலிஸ் சொல்வது அது. துறையில் வரும் படகுக்கெல்லாம் கயிறு பிடிப்பவன். பிடிக்கும்போதெல்லாம் அதையேதான் சொல்வான், கேட்டுக் கேட்டு எனக்கே சலித்துப் போகும். சில வருடங்களுக்கு முன் இதே போல் ஒரு மதியம், மலைக்கு வெளியே யாருடைய நங்கூரமோ மாட்டிக்கொண்டது என்று தன் சிறு படகில் போனான். படகு கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் ஊரில் கயிற்றைக் கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். நோன்பு நாட்களில் ஒளித்து வைத்து மாமிசம் தின்கிறவர்கள்கூட இதை மீற மாட்டார்கள். கட்டியவர் செத்துப் போனால், அவர் கடைசியாகக் கட்டிவிட்டுப் போன படகை அவர் வீட்டு ஆள் வந்து அவிழ்த்து விட வேண்டும். அப்போதுதான் அவர் செத்தார் என்று கணக்கு. பாதிரியார், மெழுகுவர்த்தி, செத்தவர் பேரில் கோயிலில் படைக்கும் வேகவைத்த கோதுமை எல்லாம் அதற்குப் பிறகுதான். பந்தெலிஸ் கடைசியாகக் கட்டியது வெளிநாட்டுக்காரர்களின் படகு. அவர்களுக்கு எங்கள் வழக்கம் என்ன தெரியும்? மறுநாள் காலையில் தாங்களே அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆக, அவன் பெண்டாட்டி அர்கிரோ அவிழ்க்க ஒரு கயிறும் மிச்சமில்லை. அவளுக்கு அது வசதியாகப் போயிற்று. கறுப்பு உடுத்த மாட்டேன் என்றாள். கோதுமை வேகவைக்க மாட்டேன் என்றாள். எங்கோ ஒரு கப்பல் அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருக்கும், வருவார் என்றாள். மஞ்சள் கவுனைப் போட்டுக்கொண்டு தினமும் சாயங்காலம் அவனுக்கும் சேர்த்து முட்டை அவிப்பாள். அவன் பங்கைப் பூனை தின்னும். ஊரிலேயே கொழுத்த பூனை அவளுடையதுதான் என்று நான் சொல்லாத ஆள் கிடையாது.

யூலியாவை அனுப்பிவிட்டு எழுந்து போய்ப் பார்த்தேன். சுவர் முழுக்க வெயிலில் வெளுத்துக் கிடந்தது, கால் வைத்தால் சுடும். ஸ்தாத்திஸ் கட்டிய கயிறு உலர்ந்திருந்தது. மற்றது பந்தெலிஸின் பழைய வளையத்தில் இருந்தது. அதன் முடிச்சு நனைந்து கறுத்து, சொட்டிக்கொண்டிருந்தது. கயிற்றின் நுனி இரண்டு தடவை உள்ளே மடித்துச் செருகப்பட்டிருந்தது, தூங்கும் பிள்ளையின் போர்வையைச் செருகுவதுபோல. அப்படிச் செருகுகிறவன் ஒருவன்தான். குனிந்தேன். நங்கூரத்தோடு மேலே வருமே அடிச்சேறு, அந்த வாசம்.

நான் எதையும் நம்புகிற ரகம் இல்லை. யாரோ விளையாடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே கடைக்குத் திரும்பினேன். பீர் பாட்டிலைத் திரும்ப ஐஸ் பெட்டியில் வைத்தேன்.

ஊர் எழுந்து சன்னல்களைத் திறக்கும் நேரத்தில் பார்பா லூக்காஸ் வந்தார். வயதான மாலுமி. அவரிடம் பேச்சு குறைவு, முழங்கால் வலி அதிகம். அந்த முழங்கால்தான் எங்களுக்கு வானிலை அறிக்கை. நேராகப் படகுக்குப் போய், கேப்டன், தெற்குக் காற்று வருகிறது, இருட்டுவதற்குள் கிளம்பி வடக்குப் பக்கத்து வளைகுடாவுக்குப் போய்விடுங்கள் என்றார். தெற்குக் காற்று வந்தால் எங்கள் துறை துறையாக இருக்காது. வாய்வழியே அலை நுழைந்து, மலைகளுக்கு நடுவில் திரும்ப இடமில்லாமல், சுவரில் கிடப்பதையெல்லாம் கல்லில் அறையும். உள்ளூர்ப் படகுகளை ஏற்கெனவே மேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்தாத்திஸுக்கு அழுகை வராத குறை. கொஞ்ச நேரம்தான் கண்ணை மூடியிருக்கிறார். ஆனாலும் எழுந்தார். தான் கட்டிய கயிற்றை அவிழ்த்தார். மற்றக் கயிற்றுக்குப் போனார்.

அது அவிழவில்லை.

நகத்தால் நோண்டினார், ஆணியால் நெம்பினார். நெம்ப நெம்ப இறுகியது. வெயிலில் இவ்வளவு நேரம் கிடந்தும் அது காயவே இல்லை. கட்டியவரைக் கூப்பிடுங்களேன் என்றார். பார்பா லூக்காஸ் முடிச்சைப் பார்த்தார். பார்த்தவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவரைச் சுற்றி நின்றவர்களும் ஒவ்வொருவராகப் பின்னுக்கு நகர்ந்தார்கள். படகை மேட்டில் ஏற்றிய கைகள்தான் அத்தனையும். அதில் ஒன்றுகூட அந்தக் கயிற்றை நோக்கி நீளவில்லை.

துறைவாயில் முதல் அலை தலை நீட்டியது. மலையடிக் குகைகளுக்குள் தண்ணீர் புகுந்து, யாரோ நெஞ்சு வலியோடு மூச்சு விடுவதுபோல வெளியே வந்தது. படகின் பின்பக்கம் சுவரில் ஒருமுறை இடித்தது.

ஸ்தாத்திஸ் கத்தியை எடுத்தார்.

"வெட்டாதீங்க, கேப்டன்," என்றார் லூக்காஸ் மெதுவாக. "வெட்டினா அவர் உங்ககூட வந்துருவார்."

ஸ்தாத்திஸ் சிரிக்க முயன்றார். யூலியா சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்து கத்தியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அர்கிரோவுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள். நான்தான் சொல்லி அனுப்பினேன். செய்தி சொல்வதில் எனக்கு எப்போதும் தயக்கம் கிடையாது. ஆனால் அவள் அந்த மஞ்சள் கவுனில், தூக்கக் கலக்கத்தில், செருப்பைத் தேய்த்துத் தேய்த்துச் சுவரில் நடந்து வந்தபோது, ஏன் சொன்னோம் என்று இருந்தது.

அவள் வளையத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். முடிச்சைத் தொடாமல் பார்த்தாள். படகு மறுபடி இடித்தது, மரம் பிளக்கும் ஓசை கேட்டது. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. யூலியா மட்டும், எங்களுக்கு இதைவிட்டால் வேறு வீடு இல்லையம்மா என்றாள். கெஞ்சிச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

"இதை அவிழ்த்தா அவர் செத்துருவார், கலியோ," என்றாள் அர்கிரோ என்னைப் பார்த்து.



"அவிழ்க்கலன்னா?" என்று கேட்டேன்.

"அவிழ்க்கலன்னா தினமும் முட்டை அவிக்கணும்." கண்ணைத் துடைக்கவில்லை; துடைக்க ஒன்றும் இருக்கவில்லை. "எனக்கு முடியல டீ. அவருக்கும் முடியலன்னு நினைக்கிறேன். குரல் அசதியா இருந்துச்சுன்னு இந்தம்மா சொன்னாங்களாமே."

யூலியா தலையசைத்தாள்.

அர்கிரோ கையை வைத்தாள். அவ்வளவு நேரம் ஆணிக்கு அசையாத முடிச்சு, அவள் விரல் பட்டதும் ஒரு பெருமூச்சுபோல் தளர்ந்தது. நுனி வெளியே வந்தது. கயிற்றை வளையத்திலிருந்து உருவி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். படகு நகர்ந்தது. கயிறு இறுகியது. அவள் விடவில்லை, சுவரின் விளிம்புவரை இழுபட்டாள். நான் அவள் இடுப்பைப் பிடித்தேன். கையெல்லாம் குளிர்ந்தது. அந்தக் குளிர் அவள் உடம்பிலிருந்து வரவில்லை.

பிறகு விட்டாள்.

படகு துறைவாயை நோக்கிப் போனது. யூலியா பின்பக்கத்தில் நின்று ஈரக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சுருட்டுவதை நிறுத்தி எங்களைப் பார்த்தாள். எங்களைத்தான் என்று முதலில் நினைத்தேன். அவள் பார்வை எனக்கும் அர்கிரோவுக்கும் நடுவில், கொஞ்சம் மேலே, ஓர் ஆள் உயரத்தில் இருந்தது.

அவள் புன்னகைத்தாள். கையை உயர்த்தினாள்.

"நன்றிங்க," என்றாள். "போய்ப் படுங்க."

நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. என் கழுத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்து முதுகில் இறங்கியது. மழை இன்னும் வரவில்லை.

அந்த இரவு தெற்குக் காற்று எங்கள் சுவரில் பாதியைப் பெயர்த்தது. பாய்மரக்காரர்கள் வடக்கு வளைகுடாவில் பத்திரமாக இருந்ததாக மறுநாள் செய்தி வந்தது. அர்கிரோ கறுப்பு உடுத்தினாள். கோதுமையைச் சர்க்கரையும் மாதுளை முத்துகளும் போட்டு வேகவைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோனாள். நாங்கள் எல்லாரும் சாப்பிட்டோம். கொஞ்சம் சர்க்கரை தூக்கல், அதை அப்போது சொல்லவில்லை. இப்போது அவள் தனக்கு மட்டும் முட்டை அவிக்கிறாள். இளைத்துப் போன பூனை என் கடையில் வந்து என்னைத் திட்டுகிறது. அர்கிரோ மதியத்தில் தூங்குகிறாள், குறட்டைகூட வருகிறது என்று அவள் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். நல்லது, முடிந்தது என்று நான் நினைத்தேன்.

குளிர்காலம் தொடங்கிய பிறகு ஒரு மதியம், துறையில் ஒரு படகும் இல்லாத நாள், என் வாழ்க்கையில் முதல்முறையாகக் கடையில் கண் அயர்ந்துவிட்டேன். விழித்தபோது இருட்டாக இருந்தது. பொழுது போய்விட்டதென்று எழுந்தேன்.

பொழுது போகவில்லை. கித்தான் திரை இறங்கியிருந்தது.

பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போய்ப் பார்த்தேன். திரையை முழுக்க இறக்கி, கயிற்றைக் கொக்கியில் இழுத்துக் கட்டியிருந்தது. கயிறு நனைந்து கறுத்திருந்தது. நுனி இரண்டு தடவை உள்ளே செருகியிருந்தது.

அர்கிரோ வீட்டுக்கு ஓடினேன். நான் ஓடி ஊர் பார்த்ததில்லை. அவள் கறுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, அவசரமில்லாமல் என்னோடு வந்தாள். முடிச்சை வெகுநேரம் பார்த்தாள். ஒரு விரலால் தொட்டு முகர்ந்தாள்.

"இது அவர் கட்டு இல்ல," என்றாள்.

நன்றாகப் பார், நுனியைப் பார் என்றேன்.

"பார்த்துட்டேன். என் வீட்டுக்காரரை நான் அவிழ்த்து விட்டாச்சு, கலியோ. இது யாரோ. யார் வீட்டு ஆள்னு தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து அவிழ்க்கச் சொல்லு." சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "எனக்குத் தூக்கம் வருது."

அவள் பொய் சொன்னாளா, நிஜம் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பொய்யாக இருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். பந்தெலிஸ் என்றால் எனக்குத் தெரிந்தவன்.

நான் எதையும் நம்பாதவள். ஆனாலும் அவிழ்க்கவில்லை. பக்கக் கதவில் ஒரு பலகையைப் போட்டு வியாபாரம் பண்ணுகிறேன். அங்கிருந்து மலைச்சுவரும் குப்பைத் தொட்டியும்தான் தெரியும். ஊரில் நடப்பதை இப்போது மற்றவர்கள் வந்து எனக்குச் சொல்கிறார்கள். பாதியைத் தப்பாகச் சொல்கிறார்கள்.

வசந்தம் வந்ததும் பாய்மரங்கள் திரும்ப வர ஆரம்பித்தன. மதியத்தில், ஊர் தூங்கும்போது, திரைக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருப்பேன். என்ஜின் ஓசை சுவரை நோக்கி வரும். ஒரு புருஷன் பெண்டாட்டியைக் கடிந்துகொள்வான். கயிறு வீசும் ஓசை கேட்கும், விழும் ஓசை கேட்காது. பிறகு இழுப்பு, நிறுத்தம், இழுப்பு. ஒரு பெண் குரல் நன்றி சொல்லும். யார் கட்டினார்கள் என்று நான் யாரையும் கேட்பதில்லை.

நேற்று நன்றி சொன்ன குரல் அடங்கிய பிறகு, வெறுங்கால்கள் ஈரமாகக் கல்லில் நடந்து வந்தன. திரைக்கு அந்தப் பக்கம் நின்றன. மூச்சு விடும் ஓசை இல்லை. அடிச்சேற்றின் வாசம் கித்தான் வழியாக வந்தது.

கொக்கியில் கயிறு இன்னும் ஒரு பிடி இறுகியது.

திரையின் கீழ் விளிம்பிலிருந்து, என் நாற்காலியை நோக்கி, தண்ணீர் மெதுவாக உள்ளே வந்துகொண்டிருந்தது.